ஒத்துக்காது

ஏழாம் கட்டிலில் லிப்ட் மெக்கானிக் படுத்திருந்தார். இரும்பு கிழித்த கால் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. வந்த அன்றே கடும் மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் சிறுநீரகம் மக்கர் செய்தது.

பரிசோதனை முடிவை நர்ஸ் இரண்டு முறை படித்தாள். கிருமி சாதாரணமானதுதான். பென்சிலினுக்கே அடங்கிவிடும். ஆனால் மெக்கானிக்கின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை: பென்சிலின் அலர்ஜி.

"இன்னும் ரெண்டு வாரம் இதே மருந்துன்னா கிட்னி தாங்காது," என்றார் டாக்டர்.

"அந்த அலர்ஜி நிஜம்தானான்னு விசாரிக்கலாமா டாக்டர்?"

"விசாரிங்க. ஒண்ணு விடாம கேளுங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வார்டில் நர்ஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக் மிரண்டுபோனார்.

"என்ன சிஸ்டர், நம்ம கதை முடிஞ்சுதா?"

"கதை கேட்கத்தான் வந்தேன். பென்சிலின் அலர்ஜின்னு யாரு சொன்னாங்க?"

"எங்கம்மா. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க, பையனுக்கு அது ஒத்துக்காதுன்னு. ஏழு வயசுல செத்துப் பொழச்சேனாம்."

"அப்ப என்ன ஆச்சு?"

"செத்தவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒத்துக்காது. வெயில் ஒத்துக்காது, பால் ஒத்துக்காது, பக்கத்து வீடு ஒத்துக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். யாரோ ஒருவர் அதை அலர்ஜி என்று எழுத, பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

கட்டிலின் மறுபக்கம் அவருடைய அக்கா ஒரே துண்டை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன். எனக்குப் பத்து வயசு."

"மூச்சு முட்டுச்சா?"

"இல்ல."

"உடம்பு தடிச்சுதா? முகம், உதடு வீங்கிச்சா?"

"ஒண்ணும் இல்ல. வாந்திதான். அப்பா சட்டை மேலயே."

"அவ்வளவுதானா?"

அக்கா துண்டைக் கீழே வைத்தார்.

"தொண்டை வலின்னு கேப்சூல் கொடுத்தாங்க. முழுங்க மாட்டேன்னு அடம் பிடிச்சான். நான் அதைப் பிரிச்சு, தூளை அவன் நாக்குல கொட்டிட்டேன். ஒரே கசப்பு. குடலே வெளிய வர்ற மாதிரி கக்கினான். சாயங்காலம் பந்து விளையாடப் போயிட்டான். அம்மா அது அவனுக்கு ஒத்துக்காதுன்னுட்டாங்க. அடிக்குப் பயந்து நான் வாயைத் திறக்கல."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாப்பத்தஞ்சு வருஷமாவா?"

"அம்மா இருந்தவரைக்கும் எப்படிடா சொல்றது?"

"அம்மா போயே ஆறு வருஷம் ஆச்சு!"

"அப்புறம் மறந்துபோச்சுடா."

நர்ஸ் வார்த்தைக்கு வார்த்தை எழுதி டாக்டரிடம் நீட்டினாள். அவரும் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். முதலில் பென்சிலினைச் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவசர ஊசி தட்டில் தயாராக இருந்தது.

மருந்து கொடுத்தபின் ஒரு மணி நேரம் நர்ஸ் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாடி, ரத்த அழுத்தம், தோல், உதடு என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். அக்கா தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அரிக்குதாடா?"

"நீ பார்க்கறதுதான் அரிக்குது."

வேறொன்றும் ஆகவில்லை. டாக்டர் சீட்டில் கடும் மருந்தின் பெயரை அடித்துவிட்டுப் பென்சிலின் எழுதினார்.

நான்காம் நாள் சிறுநீரகப் பரிசோதனையில், கூடிப்போயிருந்த உப்பின் அளவு இறங்கியிருந்தது. மெக்கானிக் சாப்பாடு போதவில்லை என்று சண்டை போட்டார். அன்றே டாக்டர், வார்டில் அலர்ஜி என்று குறித்திருந்த மற்ற ஆறு பேரின் பட்டியலை நர்ஸிடம் கொடுத்தார்.

முதல் பெயர் பதினோராம் கட்டிலில் இருந்த அம்மாளுடையது.

"இந்த மருந்து சேராதுன்னு யாரும்மா சொன்னாங்க?"

"எங்க மாமியார்."

"சாப்பிட்டப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே. அவங்களுக்குத்தான் சேராது."

நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.