இடது கன்னத்தில் பஞ்சு

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் டச்சப் அக்கா. முகத்தைக் கொடுத்தால் திருத்தாமல் திருப்பித் தரமாட்டாள் என்பதால் வந்த பெயர். அவளும் புருஷனும் நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் வேலை ரெண்டாகப் பிரித்ததுதான். வீட்டுக்காரர் முன்னறையில் படம் எடுப்பார். அவள் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிச்சத்தைச் சரிபார்த்து, அளவாக வெட்டி, அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஒரு முகத்துக்கு மூன்று நிமிடம் தாராளம். அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

காரணம், ஒருத்தர் முகமும் ஒழுங்காக இல்லை. ஒரு காது மேலே இருந்தால் இன்னொன்று கீழே. மூக்கைப் பார்த்தால், பக்கத்துவீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இத்தனை கோணலை வைத்துக்கொண்டு இவர்களால் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க முடிகிறது என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. முதலில் ஒரு மருவை மட்டும் எடுப்பாள். எடுத்ததும் அந்தக் கன்னம் வெறிச்சென்று தெரியும். அதைக் கொஞ்சம் சரிசெய்வாள். கன்னம் சரியானதும் தாடை துருத்தும். தாடையை உள்ளே தள்ளினால் காது பெரிசாகிவிடும். இப்படியே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்போது, வந்தவரிடம் வாங்கியதில் சட்டைக் காலர் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

வாங்கிப்போனவர்களுக்கு ஆரம்பத்தில் ஏக சந்தோஷம். "நான் இவ்வளவு நல்லா இருக்கேனா!" என்று கண்ணாடியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்கல், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்த தெருவில் இருந்த அடையாள அட்டை ஆபீசுக்குப் போனபோதுதான் ஆரம்பித்தது.

முதலில் வந்து நின்றது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். மூச்சு வாங்கியது.

"அக்கா, கவுன்டர்ல இருக்கறவரு படத்தப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. மறுபடி படத்தப் பாத்தாரு. 'உங்க தங்கச்சி வரலையா?'ன்னு கேக்கறாரு."

"நல்லதுதானே! வயசு கொறஞ்சு தெரியுதுன்னு அர்த்தம்."

"எனக்குத் தங்கச்சியே கெடயாதுக்கா!"

அடுத்து, எப்போதோ மூக்கு உடைந்து கோணலாகவே ஒட்டிப்போன பஸ் டிரைவர். அவருடைய மூக்கை அவள் நூல் பிடித்தது போல நிமிர்த்தியிருந்தாள். அவரையும் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுஷருக்கு அதில் கோபம் இல்லை. படத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார். "என் பொண்டாட்டி ஃப்ரேம் போடச் சொல்லிருக்கா" என்றார். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரர், அவருக்குப் பின்னால் இரட்டைச் சகோதரிகள். அந்தச் சகோதரிகளைப் பிறந்ததிலிருந்து எல்லோரும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் திருத்திய பிறகு ஒருத்தி படத்துக்கும் இன்னொருத்தி படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் ஏற்கப்படமாட்டா என்று இருந்தது. வீட்டுக்காரர் அதைப் போய்ப் படித்துவிட்டு வந்தார்.  நேராக உள்ளறைக்குப் போய், கம்ப்யூட்டர் மவுசைப் பிடுங்கித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒயர் வெளியே வால் போலத் தொங்கியது.

"இனிமே நானே எடுக்கறேன், நானே அச்சடிக்கறேன். நீ வர்றவங்கள உக்கார வெச்சா போதும்."

"எப்படிங்க? அந்த மூஞ்சிய அப்படியேவா குடுப்பீங்க?"

"அவங்க மூஞ்சி. அவங்களே வெச்சிருக்காங்க. உனக்கென்ன?"

அவள் உடனே சரியென்று தலையாட்டினாள். அதைப் பார்த்தே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

உட்கார வைப்பது மட்டும்தானே அவள் வேலை? உட்கார வைத்தாள். கணினியில் தொடக்கூடாதென்றால், ஆளையே தொடலாமே! மேஜை இழுப்பறையில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஹேர்பின், பஞ்சு எல்லாம் சேர்ந்தன. விரிந்த காதுக்குப் பின்னால் ஒரு துண்டு டேப். ஒட்டிய கன்னத்துக்குள் ஒரு உருண்டை பஞ்சு. தோள் இறங்கியிருந்தால் சட்டைக்குள் மடித்த கைக்குட்டை. படம் எடுக்கிற நேரம் வரை ஒருவரும் அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, முடிந்தால் மூச்சும் விடக்கூடாது. வீட்டுக்காரர் கேமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை; ஏன் எல்லோரும் இப்படி விறைப்பாக இருக்கிறார்கள் என்று மட்டும் யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கோப்பு. இடது காது, கதவைத் திறந்து வைத்தது போல வெளியே நின்றது.

"இந்த ஸ்டூடியோ யாரோடது?" என்று கேட்டார்.

"எங்களோடதுதான் சார். உக்காருங்க" என்றாள். அந்தக் காதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"இல்லம்மா, நான் எதுக்கு வந்திருக்கேன்னா..."

"தெரியும் சார். எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க. தாடைய இறக்குங்க." ஸ்டூலில் உட்கார்த்திவிட்டாள். அவர் கோப்பைத் திறப்பதற்குள் காதுக்குப் பின்னால் டேப் ஏறிவிட்டது. "வாயத் திறங்க. ஆ..."

ஆபீசில் பிறரை மிரட்டிப் பழகியவரானாலும், 'ஆ' என்று சொன்னதும் பல் டாக்டர் ஞாபகத்தில் வாயைத் திறந்துவிட்டார். இடது கன்னத்தில் பஞ்சு போனது.

"ம்ம்ம்! ம்ம்மா... ம்ஃபீஸ்..."

"பேசாதீங்க சார், கன்னம் கலையுது. என்னங்க, சார் ரெடி!"

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். ஸ்டூலில் இருப்பவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டும்போது அருகே நின்று மேற்பார்வை பார்த்தவர் இவர்தான். வீட்டுக்காரர் அதைச் சொல்ல வாயெடுத்த அதே நொடியில் டேப் 'பட்'டென்று விட்டது. காது பழையபடி வெளியே வந்து நின்றது. வந்தவர் எழுந்து, பஞ்சைக் கையில் துப்பி, அதையும் பார்த்து, அவளையும் பார்த்தார்.

"நான் அடையாள அட்டை ஆபீஸ் அதிகாரி. விசாரிக்க வந்திருக்கேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள், சன்னமாக.

அதிகாரி கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "புகார் எழுதணும். படத்தத் திருத்தறவங்க அட்டையக் காட்டச் சொல்லுங்க."

அவள் கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. அதிகாரி அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சரி, இவங்கள வரச் சொல்லுங்க."

 வீட்டுக்காரருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பின்திரையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிகாரி முதலில் முறைத்தார். அட்டையை இன்னொரு தடவை பார்த்ததும் அவருக்கும் வாய் கோணிவிட்டது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும்தான் அவளுக்கே தோன்றியது.

"நோட்டீஸ எடுத்துடறேன்" என்றார் அதிகாரி. "ஒரே நிபந்தனை. இவங்க புதுசா படம் எடுத்து அட்டைய மாத்தணும். இப்பவே, என் கண்ணு முன்னால."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை தானாக டேப்பைத் தேடியது. வீட்டுக்காரர் இழுப்பறையைக் காலாலேயே சாத்தினார். ஒரே க்ளிக்.

"எப்படி வந்திருக்கு?"

"உன்ன மாதிரியே வந்திருக்கு."

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

புது அட்டை மூன்று வாரத்தில் வந்தது. அன்றைக்கே தபால் ஆபீசில் ஒரு பார்சல் வாங்க வேண்டியிருந்தது. வரிசையில் நிற்கும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அட்டையில் வலது கண் இடது கண்ணைவிடச் சின்னது, உதடு ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கி, அரை நொடி பார்த்து, பார்சலைத் தள்ளினாள்.

அவள் நகரவில்லை.

"சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நீங்கதானே?"

"நல்லாப் பாருங்க. கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலியா?"

"இல்லியே. அச்சு அசல் நீங்களேதான். அடுத்தவங்க வாங்க!"

பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ஒரு ரெண்டு கேள்வியாவது கேட்டிருக்கலாம் அந்தப் பெண், என்று வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.