எங்கேஜ்டு டோன்

“விடுறா!”

முத்துக்குமரன் விடவில்லை. சி.பி.யூ.வின் ஒரு பக்கம் அவன் கையில், மறுபக்கம் அண்ணன் வெள்ளைத்துரையின் கையில். மானிட்டர் ஏற்கெனவே தரையில் குப்புறக் கிடந்தது. கீபோர்டு சுவரில் மோதி, எழுத்துகளெல்லாம் பல் உதிர்ந்த மாதிரி அறை முழுக்கச் சிதறியிருந்தன.

“இத உடச்சா அப்பா வந்துருவாராண்ணே?”

“வர மாட்டாருடா. நீ கொன்ன ஆளு எப்பிடிறா வருவாரு?”

வெள்ளைத்துரையின் முழங்கால் அவன் வயிற்றில் இறங்கியது. குமரன் மூச்சுக்குத் திணறிய அந்த நொடியில் பிடி நழுவியது. அடுத்த நொடி மாடி வராந்தாவைத் தாண்டிப் பறந்தது சி.பி.யூ. கீழே, பந்தலுக்கு வெளியே தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் தெறித்து ஓடினார்கள். தகரப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது.

விளாங்குடியில் அந்தத் தெருவே அண்ணாந்து பார்த்தது. இழவு வீட்டில் சண்டை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கீழே கூடத்தில், பெஞ்சின் மேல், தாடை கட்டப்பட்டு நெற்றியில் ஒற்றை ரூபாயோடு கிடந்தார் உக்கிரபாண்டி. சோழவந்தான் வெற்றிலையை மதுரைக்கு வரவழைத்து மண்டி நடத்தியவர். அவர் குரல் கேட்டால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் பீடியை விழுங்கிவிடுவார்கள் என்று பேச்சு உண்டு. நேற்றுச் சாயங்காலம் அந்தக் குரல் ஆஸ்பத்திரியில் நின்றுபோனது.

நடந்தது இவ்வளவுதான். அல்லது, வீடு பேசிக்கொண்டது இவ்வளவுதான். குடலில் ரத்தக் கசிவு. ஆபரேஷன். அவருக்கு எளிதில் கிடைக்காத வகை ரத்தம்; ஆஸ்பத்திரியில் கொஞ்சம்தான் இருந்தது. குடும்பத்தில் அதே வகை ரத்தம் குமரனுக்கு மட்டும். காலையில் குமரன் அங்கேதான் இருந்தான். ஆனால் கட்டிலில் கிடந்தபடியே அப்பா கத்தினார்: “அந்தத் திருட்டு நாய என் கண்ணு முன்னாடி நிறுத்தாதிய!” கத்தினால் கசிவு கூடும் என்றார் டாக்டர். வெள்ளைத்துரைதான் தம்பியை வீட்டுக்கு அனுப்பினான்.

“போனு பக்கத்துலயே இரு. கூப்பிட்ட ஒடனே வண்டிய எடுத்துட்டு வந்துரணும்.”

சாயங்காலம் அந்தக் கொஞ்சமும் தீர்ந்து, டாக்டர் ரத்தம் கேட்டார். வெள்ளைத்துரை பூத்துக்கு ஓடினான். எங்கேஜ்டு. மறுபடி போட்டான். எங்கேஜ்டு. எதிர்வீட்டு மளிகைக்கடைக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு. கடைசியில் தாய்மாமன் சுருளி ஆட்டோ பிடித்து வந்தார். தெருமுனையிலேயே அவர் கண்ணில் பட்டது, மாடி ஜன்னலில் நீல வெளிச்சம். வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் குமரன் இறங்கி ஓடிவந்தான். இருவரும் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

மாடியில் கம்ப்யூட்டர் எரிந்தால் போன் எங்கேஜ். மூன்று வருஷமாக அந்த வீட்டின் சட்டம் அது. குமரன் நெட்டில் இருக்கும்போது கீழே ரிசீவரை எடுத்தால் பூனைச் சண்டை மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா அண்ணாந்து பார்த்து வண்டைவண்டையாகத் திட்டுவார். எனவே இன்று யாரும் எதையும் விசாரிக்கவில்லை. தீர்ப்பு மட்டும்தான் பாக்கி.

குமரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். பெண்கள் கூட்டம் அவனைப் பார்த்ததும் ஒப்பாரியை நிறுத்தி முணுமுணுத்தது. அப்பாவின் தங்கை கனகலட்சுமி அத்தை மட்டும் நிறுத்தவில்லை.

“சிங்கமாதிரி இருந்தியேண்ணே! ஒரு சொட்டு ரத்தம் குடுக்க ஆளில்லாமப் போனியே! பெத்த புள்ள பொட்டி முன்னாடி ஒக்காந்து ஒன்னைய எமனுக்குக் குடுத்தானே!”

அத்தை அம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். “கேக்குதா மதினி?” என்றாள். அம்மா, சின்னத்தாய், திரும்பவில்லை. அந்தக் காது கேட்காது. ஏன் கேட்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் குமரன் செய்த வேலைதான். இணைய அரட்டை அறைகளில் அவன் பெயர் ‘பேயாண்டி’. குலசாமிகளில் ஒன்று. ருமேனியாக்காரனும் பிரேசில்காரனும் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டுப் பூட்டு உடைக்கும் வழி கேட்பார்கள். போன வருஷம் பேயாண்டிக்குக் கொழுப்பு ஏறியது. ஒரு காலேஜின் வெப்சைட்டுக்குள் நுழைந்து, பிரின்ஸ்பால் படம் இருந்த இடத்தில் எருமை மாட்டை நிறுத்திவிட்டு வந்தான். உள்ளே நுழையத் தெரிந்தவனுக்குச் சுவடு அழிக்கத் தெரியவில்லை. போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது. அப்பா இன்ஸ்பெக்டரிடம் கைகட்டிப் பேசி அனுப்பிவைத்தார். ஜீப் திரும்பியதும் நேராக அடுப்படிக்குப் போனார்.

“புள்ளையாடி வளத்திருக்க?”

ஒரே அறை. குமரனைத் தொடக்கூட இல்லை.

அம்மா அன்றைக்கும் தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள். மறுநாள்தான் காதில் சீழ் வந்தது.

“மாப்ள.”

ஸ்ரீநாத். மஹால் பக்கம் ப்ரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவன், உடைந்த சி.பி.யூ. முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குமரன் அருகில் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“ஒங்க அண்ணே சொல்றது என்னடா கதை? நீ நெட்ல இருந்தியா?”

“ஆமா.”

“எப்பிடி? வெள்ளிக்கிழமை இடியில ஒன் மோடம் பொசுங்கிப்போச்சு. என் கடை மேசையில கெடக்கு. இந்தா பாரு, ஸ்லாட்டு ஓட்டையா இருக்கு. மோடம் இல்லாம வாயாலயா கனெக்ட் பண்ணுன?”

“சத்தம் போடாத.”

“போடுவேன். சும்மா ப்ரோகிராம் கோடு அடிச்சுக்கிட்டு இருந்திருக்க. ஸ்க்ரீன்ல வெளிச்சம் தெரிஞ்சா போன் எங்கேஜ்னு இந்தக் கூமுட்டைங்க முடிவு பண்ணிட்டாங்க. நீ ஏண்டா மண்ணு மாதிரி நிக்கிற?”

“ஸ்ரீநாத்து, ஒனக்குப் புண்ணியமாப் போகும். கெளம்பு.”

ஸ்ரீநாத் கிளம்பினான். ஆனால் வாசலுக்கு அல்ல. பந்தலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சுருளி மாமாவிடம்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. கம்ப்யூட்டரையும் போன் லைனையும் சேக்குறதுக்கு மோடம்னு ஒரு அட்டை இருக்கு. அது இல்லாட்டி கம்ப்யூட்டர் வெறும் டிவிப் பொட்டிதான். போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இவன் அட்டை ரிப்பேராகி என் கடையில இருக்கு. நேத்து இவன் லைனத் தொட்டிருக்கவே முடியாது.”

மாமாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. வெள்ளைத்துரை எங்கிருந்தோ வந்து நின்றான். தப்பும் நின்றுவிட்டிருந்தது.

“அப்ப நான் போட்டப்ப எல்லாம் எங்கேஜ் வந்துச்சே, அது என்ன?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றான் ஸ்ரீநாத். “வீட்ல வேற யாரு இருந்தாங்க?”

கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்துச் சுவரோரம் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னத்தாய், பந்தலில் இருந்து பார்த்தாலே தெரிந்தாள். நேற்று வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

சுருளி மாமா கூடத்தின் பக்கம் மெல்லத் தலையைத் திருப்ப ஆரம்பித்தார்.

“நான்தான்” என்றான் குமரன்.

எல்லாத் தலைகளும் அவனிடம் திரும்பின.

“இவனுக்குத் தெரியாது. வெளிய மாட்டுற மோடம் வேற ஒண்ணு வச்சிருந்தேன். ருமேனியாக்காரன் ஒருத்தன் புதுசா பாஸ்வேர்டு தரேன்னு சொன்னான். அவன்கூட சாட்ல இருந்தேன். போனு வரும்னு தெரியும். ரெண்டு நிமிஷம்தானேன்னு நெனச்சேன்.”

“எங்கடா அந்த மோடம்?”

“ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது வைகையில வீசிட்டேன்.”

பொய் கோவையாக வந்தது. பேயாண்டி இந்த முறை சுவடு விடவில்லை.

வெள்ளைத்துரை அறைந்ததில் குமரனின் கண்ணாடி தெறித்துப் பந்தல் காலில் மோதியது. இன்னொரு அறை. மூன்றாவதுக்கு மாமா குறுக்கே வந்தார். அவர் தோளுக்கு மேலாக வெள்ளைத்துரை கத்தினான்.

“கேட்டுக்கங்கப்பா எல்லாரும்! நீர்மாலைக்கு இவன் வரக் கூடாது. பாடையில கை வைக்கக் கூடாது. மொட்டை போடக் கூடாது. எங்கப்பனுக்கு ஒரே மகன். பதினாறாம் நாளு முடிஞ்சு இவன் இந்த வீட்ல நின்னான், இன்னொரு பொணம் விழும்!”

“நீ மனுசனே இல்லடா” என்றான் ஸ்ரீநாத், குமரனிடம். “ரத்தம் குடுக்கணும்னு தெரிஞ்சும்... ச்சீ! இனிமே கடைப் பக்கம் வந்துராத.” வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

சுருளி மாமா மட்டும் தன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பொழுது போகுது. நீர்மாலை எடுங்கப்பா.”

குடங்கள் போயின, வந்தன. குளிப்பாட்டினார்கள். கோடித்துணி போட்டார்கள். பேரன் முறையில் யார் யாரோ நெய்ப்பந்தம் பிடித்தார்கள். குமரன் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றான். வாய்க்கரிசிக்கு அவன் கையை நீட்டியபோது வெள்ளைத்துரை தட்டிவிட்டான். அரிசி மண்ணில் சிந்தியது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து பொறுக்கியது.

பாடை தெருமுனை திரும்பியது. ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்களோடு வீட்டில் நின்ற ஒரே ஆம்பளை அவன். அத்தை ஒரு குடம் தண்ணீரை அவன் காலில் படுகிற மாதிரி வீசி ஊற்றினாள்.

“தள்ளிப் போடா. வீடு கழுவணும்.”

அவன் மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டான். விளக்குமாறுகள் தண்ணீரை வாசலுக்குத் தள்ளின.

போன் அடித்தது.

“யாராச்சும் எடுங்கடி! கை ஈரமா இருக்கு!” என்று அத்தை கொல்லையிலிருந்து கத்தினாள்.

சின்னத்தாய் சுவரைப் பிடித்து எழுந்தாள். போன் மேசைக்குப் போனாள். ரிசீவரை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. மேசை மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கைத்துண்டை மடித்து அதன் மேல் போட்டாள். “ஹலோ... ஹலோ...” என்று ஊரிலிருந்து யாரோ துண்டுக்கடியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலமும் ரிசீவர் இப்படித்தான் கிடந்தது. தாகத்துக்கு இறங்கி வந்த குமரன் இதே படியில் நின்றுதான் அதைப் பார்த்தான். அவள் மேசைக்குக் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தண்ணியக் குடிச்சுட்டு மேல போ” என்றாள்.

அவன் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தான். செம்பைக் கவிழ்த்து வைத்தான். மேலே போனான்.