இருபது பக்கம்

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் பஸ், மலைச்சாலையை விட்டு வழுக்கியபோது காலை மணி பதினொன்று. ஐப்பசி மழையில் சாலை ஓரத்து மண் கரைந்து போயிருந்தது. பின்பக்க இடது சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கியது. சரிவில் நின்ற ஒரு சில்வர் ஓக் மரம் பஸ்ஸின் விலாவில் முட்டித் தாங்கிக்கொண்டது. தாங்கிய மரம் முனகியது.

"எல்லாரும் முன்னாடி வாங்க! ஓடாதீங்க, ஒவ்வொருத்தரா!" என்று கத்தினார் டிரைவர் ஐயாக்கண்ணு.

பத்துப் பேர் முன்னால் வந்துவிட்டார்கள். கடைசி சீட்டில் இருந்த வனிதாவால் மட்டும் எழ முடியவில்லை. மரம் மோதி நசுங்கிய தகரம் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அவள் இடது காலைக் கவ்விப் பிடித்திருந்தது.

முன்பக்கக் கதவு திறந்தே இருந்தது. ஒரே எட்டு வைத்தால் தார்ச்சாலை. முதலில் காலை வைத்தவர் மிளகு வியாபாரி பெரியண்ணன். நூற்றுப் பத்து கிலோ இருப்பார். அவர் படியில் இறங்கியதும் பஸ்ஸின் முன்பக்கம் லேசாக எழும்பியது. பின்னால் ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

ஐயாக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எறங்காதீங்க! முன்னாடி கனம் இருக்கறதாலதான் பஸ்ஸு நிக்குது. நீங்க எறங்குனா அந்தப் புள்ள பஸ்ஸோட போயிரும்."

"உக்காந்திருந்தா நாங்களும் போயிருவமுங்களே?"

ஐயாக்கண்ணு அவரை உள்ளே ஏற்றி உட்கார வைத்தார்.

பக்கத்து எஸ்டேட் டிராக்டர் சங்கிலியோடு கிளம்பிவிட்டதாகக் கண்டக்டருக்குப் போன் வந்தது. வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும்.

வனிதா எல்லா முகங்களையும் பார்த்தாள். பத்து ஜோடிக் கண்களும் கதவின் மேல் இருந்தன. ஒருவர் குதித்தால் போதும், மற்றவர்கள் நிற்க மாட்டார்கள். அழுது கெஞ்சினால் எத்தனை நிமிடம் இரக்கப்படுவார்கள்?

அவள் மடியில் இரண்டு பைகள் இருந்தன. மாதம் இரண்டு சனிக்கிழமை ஏற்காடு நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு மலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கொடுப்பது அவள் வேலை. யாரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: இருபது பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். திரும்பக் கொடுத்தவர்கள் குறைவு.

பையைத் திறந்தாள்.

"ரைட்டரய்யா!" என்று கூப்பிட்டாள். ஞானசுந்தரம், காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ராஜா, போர் என்று இருந்தால்தான் தொடுவார். "புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க. கோட்டைய எதிரி சுத்திட்டான். உள்ள தண்ணி தீந்துபோச்சு. கதவத் தொறந்து விடப்போற துரோகி யாருன்னு தெரியல."

"இப்பவா கண்ணு?"

"இருபது பக்கமுங்க. புடிக்கலீன்னா எறங்கிப் போயிருங்க."

புத்தகம் பறந்தது. கண்டக்டர் பிடித்துக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற நர்ஸ் தெரசம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னிக்கு அழுவாச்சிக் கதை வேண்டாம்டி."

"சிரிப்புக் கதைங்கம்மா. ஒரே மண்டபம், ஒரே தேதி, மூணு கல்யாணம். சமையக்காரர் ஒருத்தர்தான்."

"அடப் பாவமே," என்று தெரசம்மாள் கை நீட்டினார்.

கல்லூரி மாணவி ஆஷ்லினுக்கு எப்போதும் பேய்க்கதை. "அக்கா, நான் வேகமாப் படிப்பேன். இருபது பக்கம் பத்து நிமிஷந்தான்," என்றாள்.

"உனக்கு மட்டும் அறுவது பக்கம், சாமி."

சேலத்திலிருந்து மலை பார்க்க வந்த புதுமணத் தம்பதிக்குப் பயண நூல் ஒன்று. மற்றவர்களுக்குத் துப்பறியும் கதைகள். மிச்சம் இருந்தது பெரியண்ணன் மட்டும்.

"உங்களுக்கு என்னங்கண்ணா புடிக்கும்?"

"எனக்கு எறங்கறதுதான் புடிக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். வனிதா பையைத் துழாவி, தள்ளுவண்டியில் தொடங்கி நாலு கடை வைத்த ஒருவரின் வாழ்க்கைக் கதையை எறிந்தாள். வியாபாரிக்கு வியாபாரி கதை. அவர் வாங்கி, விரித்து, குனிந்துகொண்டார்.

கால் மணி நேரம் ஓடியது. மழைச் சத்தம், தாள் புரளும் சத்தம், மரத்தின் முனகல். வனிதாவின் கால் மரத்துப் போயிருந்தது. அவள் கைகளை மட்டும் கவனித்தாள். எல்லாக் கைகளும் தாளைத் திருப்பின. பெரியண்ணன் கை அசையவே இல்லை.

புத்தகம் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். "அண்ணா, ஒரே பக்கத்துல நிக்கிறீங்களே? வேற தரட்டுங்களா?"

எல்லோரும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்தது. புத்தகத்தை டப்பென்று மூடினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. போதுமா?"

எழுந்தார். ஐயாக்கண்ணுவின் கையைத் தட்டிவிட்டுப் படியில் இறங்கினார். ஒரு கால் சாலையைத் தொட்டது. முன்பக்கம் எழும்பியது. பின்னால் மரக்கிளை ஒன்று படாரென்று முறிந்தது. புது மாப்பிள்ளையும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

வனிதாவின் சீட் ஒரு சாண் சரிந்தது. ஜன்னலில் இப்போது வானமில்லை. மஞ்சு மூடிய பள்ளம் மட்டுமே தெரிந்தது.

"தப்பு என்னுதுங்கண்ணா," என்றாள். "படிப்பீங்களான்னு ஒரு வார்த்த கேக்காம தூக்கிக் குடுத்துட்டேன். ஆஷ்லின், உன் புத்தகத்தச் சத்தமாப் படி. மொதல்ல இருந்து."

ஆஷ்லின் முதல் பக்கத்துக்குப் புரட்டினாள். "'மழை விட்ட பிறகு பார்த்தேன். மாடிப்படியில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. எல்லாம் ஏறிப் போன தடங்கள். அந்த வீட்டை நான் வாங்கிய நாள் முதல் மாடிக் கதவு பூட்டித்தான் இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை...'"

பெரியண்ணன் அப்படியே நின்றார். ஒரு கால் சாலையில், ஒரு கால் படியில்.

"மேல யாரு இருக்கறது?"

"தெரியலீங்க. அடுத்த பக்கம்."

"படி."

சாலையில் இருந்த கால் படிக்கு வந்தது. ஆஷ்லின் படித்தாள். அவர் இன்னொரு படி ஏறி எஞ்சின் பெட்டி மேல் கனமாக உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் உட்கார்ந்தான்.

சங்கிலியும் கடப்பாரையுமாக டிராக்டர் வந்தபோது ஆஷ்லினின் தொண்டை கட்டியிருந்தது. சங்கிலியை மாட்டி இழுத்து இறுக்கியதும் முன்பக்கம் தரையில் பதிந்தது. எடை குறைந்தவர்கள் முதலில், ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் பெரியண்ணன் இருந்தார்.

"நீங்களும் எறங்குங்க. சங்கிலி புடிச்சிருச்சு," என்றார் ஐயாக்கண்ணு.

பெரியண்ணன் விறைத்து நின்ற சங்கிலியைப் பார்த்தார். பிறகு வனிதாவைப் பார்த்தார். "நான் பின்னாடி போனா சங்கிலி என்னையும் சேத்துத் தாங்குமா?"

"தாங்குமுங்க."

"அப்பக் கடப்பாரைய உள்ள குடுங்க. வெளிய இருந்து நெம்புனா காலு நசுங்கிரும்."

ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பின்னால் வந்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. கடப்பாரையைச் செருகி உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டார். தகரம் கிறீச்சிட்டு விலகியது. வனிதா அலறிக்கொண்டே காலை உருவினாள்.

சாலை ஓரத்தில் தெரசம்மாள் அவள் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். "எலும்பு முறியல. வீக்கந்தான்."

பெரியண்ணன் மழையில் நின்றபடி தயங்கினார். "அந்தப் பேய்க்கதைய எனக்கு எழுதிக்கங்க. ஊட்டுல என் சம்சாரம் பொன்னாயி நல்லாப் படிப்பா. இத்தன வருசத்துல எனக்குப் படிச்சுக் காட்டுன்னு அவகிட்டக் கேட்டதில்ல."

"நொம்பப் பயமா இருக்குமேங்க?"

"அவகிட்டக் கேக்கறதா? கதையா?"

வனிதா நனைந்த இரவல் நோட்டை விரித்தாள். "யார் பேருல எழுதட்டுமுங்க?"

"அவ பேருல எழுதுங்க. படிக்கறது அவதான?"

அவள் பொன்னாயி என்று எழுதினாள். பக்கத்திலேயே பெரியண்ணன் என்றும் எழுதினாள்.