முதலில் கயிறு

2009 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தேம்ஸ் கரையிலிருந்த சிறிய அருங்காட்சியகத்தில், பீவர் என்ற நீர்விலங்கின் தோல்கட்டு மூன்றாவது தடவையும் படக்கென்று எழும்பித் தரையெல்லாம் பரவியது. மணி ஒன்றே கால். இரண்டு மணிக்கு விருந்தினர் வந்துவிடுவார்கள்.

கனடாவின் ஆற்றங்கரை ஊரொன்றில் முதன்முதல் குடியேறியவர்கள், பூர்வகுடி வேட்டைக்காரரிடம் வாங்கிய தோல்களை லண்டனுக்கு அனுப்புமுன் இறுக்கிக் கட்டிய மரப்பொறியில்தான் ஊழியர்கள் அதைக் கட்டிப்பார்த்தார்கள். ஒரு தூண், துலாப் போல நீண்ட ஒரு மரம், நாலு கோடு விழுந்த அடிப்பலகை. பொறியைச் செதுக்கியவருடைய கொள்ளுப்பேத்தி மார்கிரட், அது வேலை செய்வதைப் பார்க்கவென்றே அங்கிருந்து வருகிறாள்.

"இனி நேரமில்லை. உறுப்புகள் குறைவு என்று எழுதி ஒட்டிவிடுங்கள்" என்றாள் பொறுப்பாளர் ஹெலன்.

வாசலில் நின்ற காவலாளி சச்சிதானந்தனுக்குக் கை துருதுருத்தது. ஜெர்மனியில் ஒன்பது வருடம் பழைய துணிகளை அழுத்திக் கட்டியவர். பிழை எங்கேயென்று முதல் தடவையே கண்டுவிட்டார். ஆனால் காட்சிப்பொருளைத் தொட்டால் மறுநாள் ஷிப்ட் இல்லையென்று ஏஜென்சிக்காரன் எழுத்தில் கொடுத்திருந்தான். அந்த வேலைக்காக அவர் பதினொரு மாதம் அலைந்திருந்தார்.

"அண்ணை, மூஞ்சையைப் பாத்தா உங்களைத்தான் இறுக்கிக் கட்டினமாதிரிக் கிடக்கு" என்றாள், தரை துடைத்துக்கொண்டிருந்த பியற்றிஸ்.

"கயிறைக் கடைசியில நுழைக்கினம், தங்கச்சி. பிறகு அது எப்பிடி நிக்கும்?"

"எனக்கு ஏன் சொல்லுறியள்? நானே தோல் ஏத்தப்போறன்? அவவுக்குச் சொல்லுங்கோ."

"தொட்டா ஷிப்ட் போயிடும்."

"வாய் திறந்தாலும் போகுமே?"

சச்சிதானந்தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஹெலனுக்கு முன்னால் போய் நின்றார்.

"றோப் பெர்ஸ்ற், மேடம்."

பிறகு கையை எடுக்காமல் மோவாயாலேயே காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த நாலு கோடும் தேய்மானமில்லை, கயிறு கிடக்கிற பள்ளம். முதலில் கயிறு, மேலே தோல். மரம் அழுத்திக்கொண்டிருக்கும்போதே முடிச்சு.

'பாவனையால் தேய்ந்த கோடுகள்' என்று தானே எழுதி ஒட்டிய குறிப்பை ஹெலன் ஒருமுறை பார்த்தாள். "நீங்களே கட்டுங்கள்."

"அதை எழுதித் தர முடியுமா?"

அவள் சிரித்தபடி எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் சட்டைக் கையை மடித்தார். பள்ளங்களில் நாலு கயிறு, மேலே தோல்கள், அதற்குமேல் இன்னொரு பலகை. பியற்றிஸ் மரத்தின் நுனியில் தொங்கினாள்.

"என்ர நிறை மட்டும் கேக்காதேங்கோ!"

விருந்தினர் உள்ளே வர, நாலாவது முடிச்சும் விழுந்தது.

"விடும், தங்கச்சி!"

மரம் மேலே போனது. கட்டு அசையவில்லை. மார்கிரட் கிட்ட வந்து, கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கல்லுப்போல இருந்தது. மண்டபமே கைதட்டியது.

பின்னால் வந்த ஏஜென்சிக்காரன், "இதைத் தொட்டது யார்?" என்றான்.

சச்சிதானந்தன் கடதாசியை ஆற அமர விரித்துக் கொடுத்தார்.

அவன் வாசித்து முடிக்குமுன், "தினமும் இரண்டு மணிக்கு இவர் கட்டிக் காட்டுவார்" என்று ஹெலன் எல்லாருக்கும் அறிவித்துவிட்டு, சுவரிலிருந்த 'தேய்ந்த கோடுகள்' குறிப்பைக் கிழித்தாள்.

"அப்ப நாளைக்கும் நான்தானே தொங்குறது, அண்ணை?"

"ஓம். வடிவாச் சாப்பிட்டிட்டு வாரும்."