மறுபார்வைக்கு வந்த தட்டு

எலும்பக்காவுக்கு நாத்தனாரைக் கண்டாலே வயிறு எரியும். ஆய்வுக்கூடத்தில் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததே இவள்தான். யாரைப் போய் நொந்துகொள்வது? வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் தலைமைப் பரிசோதகர் பதவிக்கு அவள் பெயரும் அடிபடுகிறது. வீட்டில் மாமியார் வேறு, "என் பொண்ணு கண்ணுல எதுவும் தப்பாது" என்று ஓதிக்கொண்டிருக்கிறாள். பதினான்கு வருஷம் லென்ஸில் கண்ணைத் தேய்த்தவளுக்கு இது பொறுக்குமா?

மிட்டாயில் சேர்க்கப்போகும் பச்சைச் சாயத்தைச் சினை எலிகளுக்குக் கொடுத்து, குட்டிகள் ஊனமாக உருவாகின்றனவா என்று பார்ப்பது இவர்கள் வேலை. பிறக்குமுன் எடுத்த குட்டிகளின் எலும்புக்குச் சிவப்பேற்றித் தட்டில் அடுக்குவார்கள்; அந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்தே இவளுக்கு எலும்பக்கா என்று பேர். எது சாயம் தின்ற எலியின் குட்டி என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சில தட்டுகள் எண் மாற்றி மறுபார்வைக்கு வரும். முதலில் பார்த்தது யார் என்பது இயக்குநருக்கு மட்டுமே வெளிச்சம்.

அன்று வந்த தட்டோடு முதல் முடிவு ஒட்டிய உறையில் இருந்தது. பிரிக்கக் கூடாது. அக்கா பிரிக்கவில்லை, விளக்கில் தூக்கிப் பிடித்தாள். மடித்த தாளில் தெரிந்தது, அச்சடித்த 'குறை' என்பதற்கு எதிரே கையால் போட்ட 1 மட்டும். அந்த ஒற்றைக் கோட்டை வைத்துக் கையெழுத்தை எங்கே கண்டுபிடிப்பது?

லென்ஸில் பார்த்தால் ஐந்து குட்டிகளுக்கு விலா எலும்பு கோணல்!

"நாலைக் கோட்டை விட்டிருக்கா மகராசி!" முதலில் பார்த்தது நாத்தனார்தான் என்று முடிவே கட்டிவிட்ட அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தையும் எழுதி, அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தாள்: முதலில் பார்த்தவரின் எல்லாத் தட்டுகளையும் வேறொருவர் திரும்பப் பார்க்க வேண்டும்.

மறுநாள் இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார். "உங்க குறிப்பு நியாயமானதும்மா. இதை விட்டிருந்தா சாயம் நல்லதுன்னே எழுதியிருப்போம்." பிறகு நாத்தனாரிடம், "எல்லாத்தையும் நீங்க பார்த்துடுங்க" என்றார்.

"அவ பார்த்ததை அவளே எப்படி சார்?"

"அவங்க பார்த்தது இல்லம்மா. முதல்லயும் நீங்கதான் பார்த்தீங்க. அவங்கவங்க தட்டையே நடுவுல கலந்து குடுத்துப் பார்ப்பேன்."

உறையிலிருந்து எடுத்த தாளில் தேதி இருந்தது. நாத்தனாரை எல்லார் முன்னாலும் அவர் பாராட்டிய நாள். அன்று முழுக்க அக்காவின் கண் லென்ஸில் இருந்தது, கவனம் பக்கத்து மேசையில் இருந்தது.

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, இதை வீட்ல சொல்ல வேண்டாம். நமக்குள்ளயே இருக்கட்டும்."

குத்திக்காட்டியிருந்தாலாவது திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டாளே பாவி.