தோல் கிடங்கின் உப்பு

1931 அக்டோபர் 20, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை எழுதிய பக்கத்தில் "வைக்கோல் காய்ந்துவிட்டது, போர் போட்டாயிற்று" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. கட்டுகளின் மேல்புறத்தைத்தான் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கைவிடவில்லை. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அப்பா "காஞ்சிருக்கா?" என்று கேட்டார். "காஞ்சிருக்கு" என்றேன். ஆம்பூருக்குப் போய் மாலை வகுப்பில் படிக்கிற பிள்ளை சொல்கிறான் என்று அவரும் மறுபடி பார்க்கவில்லை.

இன்று காலை போரிலிருந்து ஆவி வந்தது. மழை விட்டதும் எல்லாவற்றிலிருந்தும் ஆவி வரத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வாடை வேறாக இருந்தது, புளித்த கஞ்சியோடு புகையிலை கலந்த மாதிரி. அப்பா கடப்பாரையைப் போருக்குள் செருகிவிட்டு அது சூடேறும்வரை காத்திருந்தார். பிறகு உருவி என்னிடம் நீட்டினார். நுனியைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை.

"இன்னாடா சொன்ன நீ? காஞ்சிருக்குன்னியே."

சுட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"இது தானாவே பத்திக்கும். ஒடுகத்தூர்ல உங்க மாமன் வூட்ல பத்திக்கிச்சு. மேல மழை கொட்டுது, உள்ள எரியுது. ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சு."

போன வருஷம் மழையே இல்லை. பயிர் கதிர் விடும் முன்பே கருகிவிட்டது. மாட்டுக்குப் புளியந்தழை போட்டோம், பனையோலையைக் கிழித்துப் போட்டோம். கடைசியில் எங்கள் வீட்டுக் கூரைப் புல்லையே உருவிப் போட்டோம். பசு தாங்கவில்லை. எருதுகள் மயிலையும் செவலையும் எலும்பும் தோலுமாகப் பிழைத்தன. இந்த வருஷம் கூரை புதிதாக வேய்ந்தோம், கார் நெல்லும் விளைந்தது. அறுக்கிற சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நவரைப் பட்டத்துக்கு உழ இந்த இரண்டு எருதுகளும் வேண்டும். அதுவரை அவை தின்ன இந்த ஒரு போர்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலை அப்படியே அடுக்கினால் சூடேறி மயிர் உதிர்ந்துவிடும். உப்புத் தூவி அடுக்கினால் எத்தனை நாளானாலும் சூடு பிடிக்காது. தோலுக்குச் சரியாக வருவது வைக்கோலுக்கு ஏன் வராது? மாட்டுக்கும் உப்பு பிடிக்கும். எனக்கு வேலை, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில். தோல் கிடங்குப் பக்கம் அதிகம் போனதில்லை. அங்கே தோலை உதறும்போது கொட்டுகிற உப்பைக் கூட்டி வாசலில் குவித்து வைப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

கிடங்கு மேஸ்திரி ஹயாத் பாஷாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கூட்டின உப்பா? அள்ளிக்கினு போ. குப்பைக்குப் போறதுதான். கோணி வேணும்னா எடுத்துக்க, ஆனா கோணிய திருப்பிக் குடுத்துடணும். உங்க ஊர்க்காரனுங்க கோணிய மட்டும் மறந்துடுவானுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஈர வைக்கோலைப் போர் போட்ட கதையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் நானும் சொல்லவில்லை. பட்டை இறக்கித் திரும்புகிற வண்டியில் கோணிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மழை விட்டிருந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் போரைப் பிரித்தோம். நடுக்கட்டுகள் பழுப்பேறிச் சுட்டன. உதறி ஆறவிட்டு, ஒரு வரிசை வைக்கோல், அதன்மேல் உப்பு என்று திரும்ப அடுக்கினோம். உப்பு பழுப்பாக, தோல் வாடையோடு இருந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். செவலை கழுத்தை நீட்டி ஒரு கட்டை நக்கியது.

"அதுக்குப் புடிச்சிருக்கு," என்றார் அப்பா. இன்று அவர் என்னிடம் கோபமில்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

அக்டோபர் 22, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் போர் ஆறியிருந்தது. கடப்பாரை சில்லென்று வந்தது. வாடையும் போய்விட்டது. சந்தோஷமாக வேலைக்குப் போனேன். மத்தியானம் கோணிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிடங்குக்குப் போனபோது, வடக்கிலிருந்து ரயிலில் வந்த காய்ந்த தோல்களை உதறிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் உட்கார்ந்து சோற்று மூட்டையை அவிழ்த்தான். ஹயாத் பாஷா அவன் தோளில் தட்டி எழுப்பினார்.

"கைய கழுவினியா? இது மருந்து சரக்குப்பா. அப்படியே துன்னு, நாளைக்கு உன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுவா."

"என்ன மருந்து, பாய்?" என்று கேட்டேன்.

"பாஷாணம். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பாஷாணத் தண்ணீல முக்கிக் காய வெச்சு அனுப்பறான்."

இதிலிருந்து உதிர்வதை எங்கே கூட்டுவீர்கள் என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். அதே குவியல்.

"ஏன் முகம் இப்படிப் போச்சு? தென்னைக்குத்தானே கேட்ட?"

எங்கள் பக்கத்தில் தென்னை வைத்திருப்பவர்கள் எல்லோரும் தூரில் போட இங்கிருந்துதான் உப்பு அள்ளிப் போகிறார்கள். எங்களிடம் தென்னை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"வைக்கோலுக்குப் போட்டுட்டேன், பாய்."

அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். "யா அல்லா. எந்தப் பக்கம் அள்ளின? இந்தப் பக்கம் நம்ம ஊர் தோல் உப்பு, அதுல ஒண்ணும் இல்ல. சுவரோரம் இருக்கறதுதான் மருந்து சரக்குல உதிர்ந்தது. எந்தப் பக்கம்?"

எனக்கு ஞாபகம் இல்லை. தினமும் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற எனக்கு இது ஞாபகம் இல்லை. இரண்டு பக்கமும் அள்ளியிருக்கலாம்.

"ஓடு. முதல்ல மாட்டுக்கு முன்னாடி இருக்கறத எடு," என்றார்.

சேற்றில் வீட்டுக்கு ஓடினேன். தொழுவத்தில் தீனித் தொட்டி காலியாக இருந்தது. அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டும் போட்டதெல்லாம் துன்னுடுச்சு. பக்கத்து வூட்டு காசி கூட ஒரு கட்டு கேட்டான், அவன் பசுவுக்கு. போனா போவுதுன்னு குடுத்தேன்."

சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா கேட்டுக்கொண்டே கதவுக்கு வந்தார். நான் எதிர்பார்த்தது அடி. அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாடு செத்தா ஊர்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? தோல் ஷாப்புக்குப் போறவன், தோலுக்காக மருந்து வெச்சான்னு சொல்லுவாங்க. காசி பசுவும் சேர்ந்து போச்சுன்னா நம்மள ஊர்ல வுட மாட்டாங்க."

"அதுக்காக அவன்கிட்ட சொல்லாம இருக்கறதா?" என்றாள் அம்மா.

அப்பா கதவிலிருந்து விலகி வழிவிட்டார். நான் போனேன்.

அடுத்த வீட்டுக் காசி பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பசுவின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருக்கும் என்பது போல.

"பாதிதான் போட்டேன்," என்றார். "மீதி பரண்ல கீது. நீ வரலன்னா சாயங்காலம் போட்டிருப்பேன்." பிறகு, "இதுக்கு எதுனா ஆச்சு, தணிகைவேலு, உன்ன நான் சும்மா வுட மாட்டேன். இப்ப போ. கண்ணெதிர நிக்காத," என்றார்.

வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 23, வெள்ளி

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாள் முழுவதும் தொழுவத்தில் இருந்தேன். மயிலை நன்றாக இருக்கிறது. செவலை அசை போடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்குகிறது. சாணி தண்ணீராகப் போகிறது. அப்பா அரிசிக் கஞ்சியை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். விளக்கெண்ணெயும் கொடுத்தார். மத்தியானம் அது படுத்தது. இரண்டு முறை எழுப்பினோம், மூன்றாம் முறை எழவில்லை.

உப்பு அதிகமானாலும் கழியும் என்கிறாள் அம்மா. சூடேறிப் பூஞ்சை பூத்த வைக்கோலைத் தின்றாலும் இப்படி ஆகும் என்கிறார் அப்பா. இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டுகிறேன். எதுவாக இருந்தாலும் என் கையால் வந்ததுதான். ஆனால் அவை என்றால் மாடு பிழைத்துக்கொள்ளும்.

காசியின் பசு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போக எனக்குத் துணிவு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அது கத்தும்போதெல்லாம் காது அங்கே போகிறது. கத்தாமல் இருக்கும்போது இன்னும் பயமாக இருக்கிறது.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. போர் மட்டும் வாசலில் கெட்டுப்போகாமல் நிற்கிறது. மஞ்சளாக, சூடில்லாமல், நல்ல வாசனையோடு. இந்த மழையில் ஊரில் எல்லோருடைய வைக்கோலும் கறுத்துப் போயிருக்கிறது. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "உங்க வூட்டு போர் மட்டும் எப்படி இப்படி கீது?" என்று சாயங்காலம் ஒருவர் கேட்டார். மயிலையும் அதைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நேற்றிலிருந்து அதற்குத் தீனி இல்லை.

விளக்கேற்றும்போது ஹயாத் பாஷா குடையோடு வந்தார். கோணிப்பையில் கொஞ்சம் பசும்புல் அறுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு வேளைக்குத்தான் வரும். செவலையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். போகும்போது என்னிடம், "வேலூர்ல மாட்டு டாக்டர் இருக்காரு. அந்த உப்பும் ஒரு பிடி வைக்கோலும் கொண்டு போய்க் காட்டு. யார் குடுத்தாங்கன்னு கேட்டா என் பேரையே சொல்லு," என்றார்.

அப்பா வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம், "பாத்திரம் பண்டத்த மேற்கால தள்ளி வை," என்றார். அம்மா பானைகளை நகர்த்தத் தொடங்கினாள்.

நாளை விடிந்ததும் செய்ய வேண்டியது: வீட்டின் கிழக்குப் பக்கக் கூரைப் புல்லை உருவி மயிலைக்குப் போட வேண்டும். போரை எந்த மாடும் நெருங்காதபடி கருவேல முள் வெட்டிச் சுற்றி அடைக்க வேண்டும். காசியிடம் போய்ப் பசுவைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு உப்பும் வைக்கோலும் எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் வேலூர்.