கிட்டத்துக் கண்ணாடி

ஏலகிரிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது தேவானந்தம் சார்தான். முடிச்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பத்து வருஷமாகக் கண்புரையை முற்றவிட்டு டாக்டர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த மனிதர், இந்த வருஷம்தான் ஒருவழியாக இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. கிட்டத்தில் இருப்பதுதான் மங்கல். அதற்கான கண்ணாடி, நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் தாம்பரம் கடையிலிருந்து வந்திருந்தது; கிளம்பும் அவசரத்தில் சார் அதை இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை.

சாரும் அவர் மனைவி தபீதா அக்காவும் எங்களைவிட இருபது வயது மூத்தவர்கள். இருந்தாலும் எனக்கும் என் கணவர் அயூபுக்கும் அவர்களைவிட நெருங்கிய சிநேகிதர்கள் கிடையாது. வெள்ளத்தின்போது அவர்கள் மொட்டை மாடியில் ஒரே ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிட்டதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

அயூப் காரை ஓட்ட, படப்பை தாண்டுவதற்குள் சார் ஒரு போர்டு விடாமல் சத்தமாக வாசித்துவிட்டார். டயர் கடை, பிரியாணிக் கடை, மனை விற்பனைக்கு, எதையும் விட்டுவைக்கவில்லை. இனிமேல் மேப் வேண்டாம், சார் போதும் என்றார் அயூப். மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் அந்த வாய் தானாக அடைத்துக்கொண்டது. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எதிர்ச் சரிவு முழுக்க மரங்கள், காலை வெயிலில் குளித்துக்கொண்டு நின்றன.

"இலை இலையா இருக்கும்மா," என்றார் என்னிடம். "காடுன்னா பச்சையா ஒரு திட்டுன்னே நெனச்சிட்டிருந்தேன்."

நானும் பார்த்தேன். இரண்டு நல்ல கண்களை வைத்துக்கொண்டு இத்தனை வயதுவரை நான் ஒரு மரத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று தோன்றி, வெட்கமாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஓட்டலில் மெனு கார்டு வந்தபோது சார் கண்ணாடியைக் கேட்டார். வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்றார் அக்கா. மாத்திரை, சொட்டு மருந்து, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வந்தவர், அதுவும் கணக்கு டீச்சராக இருந்தவர், கண்ணாடியை மட்டும் மறப்பாரா? எனக்கு உறுத்தியது. சாயங்காலம் அறையில் எனக்குத் தலைவலித் தைலம் எடுத்துக் கொடுக்க அக்கா கைப்பையைத் திறந்தார். உள்ளே கண்ணாடிக் கூடு இருந்தது.

அக்கா பையை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தபஸ்ஸும், அவர் கடைசியா என்னைத் தெளிவா பார்த்தப்போ எனக்கு முடி கறுப்பு. பல்லும் முழுசா இருந்துச்சு. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து தூரத்துல நிக்காம, அவர் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டுத் திரியறேன். ஒரு இலையைப் பார்த்து அப்படி அசந்து போற மனுஷன், என்னைப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாம இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாதித் தாம்பரத்துக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து மிரட்டிய டீச்சர் அவர். ஆனால் அவர் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா அக்கா என்று மட்டும் கேட்டேன். ஊருக்குத் திரும்புகிறவரை மறைக்கிறேனே என்றார்.

மறுநாள் காலை ஏரிக்குப் போய், துடுப்புப் படகு ஒன்றில் ஏறினோம். சாருக்கு எதிர்ப் பலகையில் அக்கா, சேலைத் தலைப்பை முக்காடு போட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு. சார் கரையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கொக்கு கழுத்தை மடக்குகிறது, யாரோ மஞ்சள் சேலை உலர்த்துகிறார்கள். நடு ஏரிக்கு வந்தபோது பனி மெல்ல மேலே எழும்பியது. மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அதன்மேல் வெயில் வந்து விழுந்ததும் படகுக்காரரே துடுப்பை நிறுத்திவிட்டார். அயூபின் போன் பையில் அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. என் கை மயிர் சிலிர்த்திருந்தது. அல்லாஹ், இவ்வளவு அழகை யாருக்காக வைத்திருக்கிறாய் என்று மனசு கேட்டது.

"ஸ்தோத்திரம்," என்றார் சார் மெதுவாக. பிறகு எதிரே திரும்பினார். "தபீதா, எல்லாம் தெரியுது. பக்கத்துல இருக்கிற நீ மட்டும்தான் கலங்கலா இருக்க."

குறையாகத்தான் சொன்னார், சின்னப் பிள்ளை மாதிரி. அக்கா அவரையே பார்த்தபடி இருந்தார். பிறகு பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து அவர் மடியில் வைத்தார். எங்கே இருந்தது என்று சார் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிழவி ஆயிட்டேன்ல?"

"ஆமா," என்றார் சார்.

அந்த நிமிஷம் அவரை ஏரியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அதற்குள் அவர் கை நீண்டு அக்காவின் கன்னத்தைத் தொட்டது.

"எப்ப ஆன? நான் பக்கத்துலயேதானே இருந்தேன். ஒண்ணையும் பார்க்காம விட்டுட்டேனே."

அக்கா முக்காட்டை விலக்கினார். முகத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பினார்.

"இப்பப் பாருங்க," என்றார்.

கரைக்குத் திரும்பும்வரை சார் மலைப்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.